மூன்றாவது கூவல்

எங்கள் ஊருக்கு வருவதென்றால் முதலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்கவேண்டும், ஐயா. பருத்தித்துறை பஸ் அக்கரையோடு திரும்பிவிடும். பிறகு ஒன்றேகால் மைல் பரவைக்கடல். தண்ணீர் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில். வள்ளம் தரை தட்டும். உழவு இயந்திரம் புதையும். நேற்று நீங்கள் ஜீப்பில் வந்த மணற்பாதை பதினொரு மைல் சுற்று, அதுவும் மாரியில் மூடிவிடும். ஆகவே இராயப்பர்முனைக்கு வழி என்றால் அது நான்தான்.

என் பெயர் அடைக்கலநாதன். வயது எழுபத்துநாலு. படித்தது மூன்றாம் வகுப்பு. தடம் காட்ட நாற்பத்துமூன்று தடிகள் நட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாரி முடிந்ததும் அவற்றைப் பிடுங்கி, தரையைக் காலால் தடவிப் பார்த்துத் திரும்ப நடுவேன். எங்கள் கரைக்குக் கிட்ட, முப்பத்தேழாம் தடிக்குப் பக்கத்தில், யாரோ களவாக மணல் அள்ளிய பள்ளம் இருக்கிறது. இரண்டு ஆள் ஆழம். என் தடம் அந்த இடத்தில் வளைந்து போகும்.

வருகிறவர் மூன்று முறை கூவவேண்டும். ஒரு கூவல் மீன்காரன் பகிடிக்கும் விளையாட்டுக்கும் போடுவான். இரண்டும் அப்படித்தான். மூன்றாவது கூவல்தான் எனக்கு. கேட்டதும் இறங்கிப் போவேன், என் ஊன்றுபொல்லின் மறுமுனையைப் பிடிக்கக் கொடுப்பேன். ஒருவரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை.

நிரோஜா ரீச்சர் சுன்னாகத்துப் பிள்ளை. போன வருடம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்தது. முதல் நாள் பொல்லை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்பு, எனக்கு நீந்தத் தெரியாது, விட்டிடாதேங்கோ" என்றாள்.

"விடமாட்டன் பிள்ளை" என்றேன். விடவில்லை.

இரண்டு மாதத்தில் பெயின்ற் வாளியோடு வந்தாள். பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஒவ்வொரு தடிக்கும் சிவப்பு வளையம் போட்டு இலக்கம் எழுதினாள். தடியைத் தொட்டுத் தொட்டு இனி யாரும் தனியே வரலாமாம். எங்கள் கரையில் ஒரு பலகையும் நட்டாள்: 'அடைக்கலநாதன் பாதை.'

"இனி நீங்கள் ஆறுதலா இருங்கோ, அப்பு."

பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த எங்கள் ஊர் மீன்காரப் பொடியன் றஞ்சித் சிரித்தான். "அப்புவுக்குப் பென்சன் குடுத்தாச்சு. இனி ஆரும் கூவமாட்டினம்."

எங்கள் ஊரில் ஒரு மனிதனின் பெயரை எழுதி நடுவது சேமக்காலைச் சிலுவையில்தான், ஐயா. அதைப் படித்த பிள்ளைக்குத் தெரியாதா? தெரியும். என்னைப் புதைத்துவிட்டுத்தான் சிரித்தார்கள்.

ஒரு வருடம் ஒருவரும் கூவவில்லை.

இந்த மாரி முடிந்ததும் வழக்கம்போலத் தடிகளைப் பிடுங்கி நட்டேன். ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். கோயிலால் வந்த சனமெல்லாம் பார்த்தது. வளைவில் நின்ற ஏழு தடிகளை மட்டும் நேராக்கினேன். பள்ளத்தின் இந்த விளிம்பில் ஒன்று, அந்த விளிம்பில் ஒன்று. தடி என்னுடையது. எங்கே நடுவது என்பதும் என் பாடு. அவள் கொஞ்சம் நனைய வேண்டும், பயந்து என்னைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன்.

திங்கள் காலை முதல் பஸ்ஸில் வந்தாள். தலையில் பிள்ளைகளின் பாடக் கொப்பிக் கட்டு. நான் கரையில் தேத்தண்ணியோடு குந்தியிருந்தேன். முப்பத்தாறாம் தடியில் நின்றாள். தடம் மாறியிருப்பது தெரிந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்துக் கை அசைத்தாள். கை அசைப்பது கூவல் இல்லை.

"அப்பு, இதாலயோ வாறது?" என்று கத்தினாள். அது ஒன்று.

நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். பேசாமல் இருந்தால் சரி என்று எடுத்துக்கொண்டாளாக்கும். அடுத்த தடிக்குக் கையை நீட்டிக்கொண்டு காலை வைத்தாள். பிறகு இன்னொரு முறை "அப்பு" என்றாள். அது அரைகுறை. என்றாலும் அதையும் சேர்த்தே எண்ணுகிறேன்; நான் நியாயம் பார்க்கிற ஆள். எழுந்து போயிருந்தால் தேத்தண்ணி ஆறுவதற்குள் பிடித்திருப்பேன். மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. கொப்பிகள்தான் வந்தன, ஒவ்வொன்றாக.

அவள் உடலைத் தூக்கியதும் நான்தான். எந்த இடம் என்று வேறு ஒருவருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு நாளும் வந்தவர்கள் எல்லோரும் மூன்று முறை கூவினார்கள். நானும் ஒவ்வொரு முறையும் போனேன்.

மூன்றாம் நாள் றஞ்சித் வந்து நின்றான். முகம் கறுத்திருந்தது. "தடியள் இடம் மாறிக் கிடக்கு. ஆர் மாத்தினது?"

"நான்தான்."

"தெரிஞ்சோ செய்தனீ?"

"ஓம்."

அப்பு என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா. மரியாதை போய்விட்டது.

அந்த ஏழு தடிகளும் இன்னும் நான் நட்ட இடத்தில்தான் நிற்கின்றன. வேறு ஆள் கை வைக்கக்கூடாது. அவற்றை நானே மாற்றி நடும்வரை யாரையும் இறங்கவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கரையில் நின்று கூவட்டும். இதையும் வாக்குமூலத்தில் எழுதுங்கள், ஐயா: மூன்று முறை கூவிய ஒருவரையும் நான் கைவிட்டதில்லை.