போட் கரையிலதான் கீது

– இன்னொரு வாட்டியா நர்மதா? எங்க வூட்டுக்காரரு ஓஞ்சிட்டாரும்மா. நானுந்தான். தலையில கீற அந்த வயர் தொப்பிய கழட்டி வுட்டுடு.

– கழட்டியாச்சு குணசுந்தரி அக்கா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருக்காரு பாருங்க. என்ன தெரிஞ்சுதுன்னு சொல்லத்தான் உங்கள உக்கார வெச்சேன்.

– இன்னா சொல்லப்போற? பக்கவாதம் அடிச்சதுலருந்து அவரு வாயில ஒரு வார்த்த இல்ல. பெரிய குழா மிசின்ல படுக்க வெச்சு, பேச்சு கீற எடம் செத்துப்போச்சுன்னு படம் காட்டினாங்கோ. அன்னிக்கே வுட்டுட்டேன். ஊட்டுறேன், தொடச்சி வுடுறேன். புரியுதான்னு கேக்குறதில்ல.

– அந்த ஸ்கேன் மூளையில எந்த எடத்துக்கு ரத்தம் பாயுதுன்னு காட்டும்க்கா. ரத்தம் மெதுவாத்தான் வந்து சேரும், அதுக்குள்ள வார்த்த போயிடும். இந்தத் தொப்பி எடத்த சரியா சொல்லாது. ஆனா வார்த்த காதுல விழுந்தவுடனே மூளை துள்ளுறத புடிச்சிடும்.

– அது மீனு எங்க கீதுன்னு காட்ற மிசினு. இது கையில கீற தூண்டி நரம்பு. கடிச்சா சுண்டும்.

– அதேதான். மொதல்ல வாக்கியங்கள புத்தகத் தமிழ்ல போட்டோம், ஒண்ணும் அசையல. அதுக்கப்புறம்தான் உங்கள உங்க பேச்சுலயே பேச வெச்சு பதிவு பண்ணேன்.

– ஆமா. பாதி நெசம், பாதி கோக்குமாக்கு. டீயில மண்ண போட்டு குடிச்சான்னு சொல்லச் சொன்ன. சிரிக்கக்கூட தெம்பு இல்ல எனக்கு.

– அந்த மண்ணுக்கு அண்ணன் மூளை துள்ளுதுக்கா. சக்கரைன்னு சொன்னா சும்மா இருக்கு.

– அப்டின்னா?

– அவருக்குப் புரியுது. கேக்குறது பொருந்தலன்னா மட்டும்தான் மூளை அப்படித் துள்ளும்.

– வேணாம் நர்மதா. ஆச காட்டாத.

– திரும்பத் திரும்பப் பாத்துட்டுத்தான் சொல்றேன். ஒரே ஒரு எடம்தான் எனக்குப் பிடிபடல. நீங்க குடுத்த நெசமான வாக்கியத்துல ஒண்ணு, ‘நம்ம போட் கரையிலதான் கீது’. அதுக்கும் துள்ளுது. எத்தன தடவ போட்டாலும், மண்ணுக்குத் துள்ளின மாதிரியே. வயர் கோளாறான்னு தெரியல.

– அது தெனம் காலையில மொகம் கழுவி வுடும்போது அவராண்ட சொல்றதாச்சே. வாய்ப் பழக்கத்துல நெசத்தோட சேத்துட்டேன் போல.

– நெசம் இல்லையாக்கா அது?

– இன்னிக்கு ஆட்டோ, போட்டுங்க நிக்கிற காசிமேடு தாண்டறப்போ மொகத்த திருப்பிகினாரு. வெயிலு அடிக்குதுன்னு நெனச்சு துண்ட போத்தி வுட்டேன்.

– அக்கா, அழாதீங்க. என்ன ஆச்சு?

– போட் கரையில இல்லம்மா. ஆசுபத்திரி செலவுக்கு வித்துட்டேன். கேட்டா மனசு ஒடிஞ்சிடும்னு, அவரு காதுல போடக்கூடாதுன்னு குப்பத்துல எல்லார் கையிலயும் சத்தியம் வாங்கி வெச்சிகீறேன்.

– அப்போ அவருகிட்ட யாரு சொன்னா?

– நான்தான். அவரு கட்டிலாண்ட குந்திகினுதான் போன்ல வெல பேசினேன். அண்ணன் பக்கத்துல கீறாரான்னு வாங்குறவன் கேட்டான். ‘அதுக்கு இன்னா புரியப்போவுது, நீ பேசு’ன்னேன்.