நாலரை மணிக்கு வீடு திரும்புகிறவர்

மாலை நாலரை மணி. டிசம்பர் மாதம். அந்தப் பக்கமெல்லாம் டிசம்பரில் நாலரை என்றால் இருட்டு... கை நீட்டினால் விரல் தெரியாது.

டகோமா நகரத்துக்கு எதிரே இருக்கும் வாஷன் தீவின் தெற்குக் கோடியில், படகுத்துறையிலிருந்து மேடேறினால், ஊசியிலை மரங்களுக்கு நடுவே ஒரு சரளைக்கல் சாலை போகிறது. இரண்டு மைல். விளக்கு கிடையாது. கடைசியில் ஒரே ஒரு வீடு. அதற்கப்புறம் கடல்தான்.

லோவெலை உங்களுக்குத் தெரியும். நமக்கு விறகு கொண்டுவந்து போடுகிறானே, அவனேதான். அவன் மனைவியின் அக்காவுக்கு நடந்தது இது. பெயர் நோரீன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... அந்தக் கதவைச் சாத்திவிடுங்கள்.

விற்கப் போகும் வீடுகளை அலங்கரித்துக் கொடுப்பது நோரீனின் வேலை. பழைய சாமான்களை அப்புறப்படுத்துவாள். சுவர்களுக்கு வெள்ளை அடிக்கச் சொல்வாள். டகோமாவில் இருக்கும் தன் கிடங்கிலிருந்து சோபா, கட்டில், விரிப்பு, மேசை விளக்கு எல்லாம் வேனில் கொண்டுவந்து போடுவாள். பார்க்க வருகிறவர்களுக்கு ‘இது நம் வீடு’ என்று தோன்ற வேண்டும். இதற்கு முன் வேறு யாரோ இருந்தார்கள் என்று தோன்றவே கூடாது. அதுதான் தொழில்.

அந்தக் கோடி வீட்டில் ஆர்டித் என்ற அம்மாள் தனியாக இருந்தார். எண்பத்தோரு வயது. கணவர் வெர்ன் இழுவைப் படகில் வேலை பார்த்தவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு பனிக்கால மாலையில், வேலை முடிந்து கரைக்கு வரும் வழியில் நீரில் விழுந்துவிட்டார். உடல் கிடைக்கவில்லை. மகன் கர்ட்டிஸ் டென்வரில் இருக்கிறான். அம்மாவால் இனித் தனியாக இருக்க முடியாது என்று டகோமாவில் ஒரு முதியோர் இல்லத்தில் அறை பார்த்துவிட்டு, வீட்டை விற்க ஏற்பாடு செய்தான்.

நோரீன் வீட்டைப் பார்க்க வந்த அன்று காலையில்தான் ஆர்டித் கிளம்பிக்கொண்டிருந்தார். மேல்கோட்டு போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கர்ட்டிஸ் வெளியே காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் வீட்டுக்குள் காலே வைக்கவில்லை என்பதை நோரீன் அப்போது கவனிக்கவில்லை.

கூடத்தில், கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே, ஒரு பழுப்பு நிறச் சாய்வு நாற்காலி. துணி நைந்து, கைப்பிடியெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்துக் கிடந்தது.

ஆர்டித் நோரீனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“எதை வேணா எடுத்துக்கோம்மா. இந்த நாற்காலிய மட்டும் நகர்த்தாதே. அவர் நாலரைக்கு வருவார். வந்தா உட்கார இடம் வேணும்ல?”

“யாரு... கர்ட்டிஸா?”

“கர்ட்டிஸ் எதுக்கு இங்க வரான்? வெர்ன்மா, வெர்ன்.”

வயசானவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று நோரீன் நினைத்தாள். இந்த மாதிரி நேரங்களில் சொல்ல அவளிடம் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும். நூறு வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

“நீங்க கவலையே படாதீங்க. நான் பார்த்துக்கறேன்.”

மறுநாள் சாமான் ஏற்றிப் போக இரண்டு பேர் வந்தார்கள். நாற்காலியைத் தூக்கத் திணறினார்கள். சாய்த்தபோது அதற்குள்ளிருந்து தண்ணீர் கொட்டியது... ஒரு குவளை இருக்கும். தொட்டுப் பார்த்தால் துணி காய்ந்திருந்தது. ஒருவன் விரலை நக்கிப் பார்த்துவிட்டு, “உப்பு” என்றான். லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் வீடு மாறிவிட்டது. வெள்ளைச் சுவர். வெள்ளை சோபா. நாற்காலி இருந்த இடத்தில் பஞ்சு போல ஒரு வெள்ளை விரிப்பு. மறுநாள் படம் எடுக்க ஆள் வருவதாக இருந்தது. இருட்டும் நேரத்தில் உள்ளே விளக்கு எரிந்தால் படம் அழகாக வரும். எந்த விளக்கை எங்கே வைப்பது என்று பார்க்கத்தான் நோரீன் அந்த நேரத்தில் தனியாக வந்திருந்தாள்.

படுக்கையறையில் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

வெளியே சரளைக்கல் நெறிபடும் சத்தம்... யாரோ நடந்து வருகிறார்கள். அவசரமே இல்லாமல்.

பின்பக்க வாசலில் தொப். கனமான பூட்ஸ் ஒன்று தரையில் விழுகிறது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று... தொப்.

சமையலறைக் குழாய் திறந்தது. கை கழுவுகிற சத்தம். குழாய் மூடியது.

“கர்ட்டிஸ்? நீங்களா?”

ஈரக்காலோடு நடக்கும் சத்தம் மட்டும். சப்... சப்... சப்... நடைவழியாக வந்து, கூடத்துக்குள் போய்... நின்றது.

உட்காரவில்லை. நின்றது.

டீசல் வாடை வந்தது. அதோடு கடல்பாசி வாடை, நனைந்த கம்பளித் துணியின் வாடை. நோரீன் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் மெல்ல எட்டிப் பார்த்தாள். கூடத்தில் யாரும் இல்லை. வெள்ளை விரிப்பின் நடுவே இரண்டு ஈரக் காலடிகள். அருகருகே, ஜன்னலைப் பார்த்து. அங்கே வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை. பஞ்சு ஆழமாக அமுங்கியிருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது காலடி கொஞ்சம் கூடுதலாக அமுங்கி மீண்டது... ரொம்ப நேரம் நிற்கிறவர்கள் கால் மாற்றி நிற்பார்களே, அந்த மாதிரி.

வீட்டுச் சாவியைக்கூட எடுக்காமல் வேனில் ஏறி ஓடிவிட்டாள். படகுத்துறைக்கு வந்த பிறகுதான் கர்ட்டிஸுக்கு போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

“பூட்ஸ் சத்தம் கேட்டுச்சா?” என்றான்.

“கேட்டுச்சு.”

“ரெண்டும்?”

“ரெண்டும்.”

“நாலு மணிக்குள்ள வெளிய வந்துடுங்கன்னு உங்ககிட்ட சொல்லியிருக்கணும். அம்மாவுக்கு அது பழகிடுச்சு. எனக்குப் பழகல.” அவன் குரல் உடைந்திருந்தது. “அப்பா முகத்தப் பார்த்தீங்களா?”

“இல்ல.”

“நானும் பார்த்ததில்ல” என்று சொல்லி வைத்துவிட்டான்.

புதன்கிழமை நோரீன் படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முதியோர் இல்லத்துக்குப் போனாள். மூன்றாவது மாடியில் ஆர்டித்தின் அறை. ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்தும் இடம் தெரிந்தது. கடல் தெரியவில்லை. ஆர்டித் மேல்கோட்டைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு வாரத்தில் பாதியாக இளைத்திருந்தார்.

நோரீன் அவர் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். எதையும் மறைக்கவில்லை. நாற்காலியைத் தூக்கி எறிந்துவிட்டேன், உங்களிடம் பொய் சொன்னேன், மன்னித்துவிடுங்கள், அவர் நின்றுகொண்டே இருக்கிறார் என்று அழுதாள்.

ஆர்டித் அவள் தலையைத் தடவினார்.

“நாற்காலி கிடக்கட்டும், விடு. நான் எங்க போனேன்னு அவருக்கு யாராவது சொன்னீங்களா?”

நோரீன் நிமிர்ந்து பார்த்தாள்.

“காலையிலேயே என்னைக் கூட்டிட்டு வந்துட்டான்மா கர்ட்டிஸ். சாயந்திரம் வரைக்கும் இருந்திருந்தா நானே சொல்லிட்டு வந்திருப்பேன். அவர் வந்து பார்த்தா வீடு வேற மாதிரி இருக்கு, நானும் இல்ல... மனுஷன் என்ன பண்ணுவார், சொல்லு? பதினோரு வருஷமா ஒரு நாள்கூட நான் இல்லாம அவர் வந்ததே இல்ல.”

வியாழக்கிழமை நாலேகால் மணிக்கு நோரீன் அந்தச் சரளைக்கல் சாலையில் இருந்தாள். ஏன் போனாய் என்று லோவெல் பிற்பாடு கேட்டான். “போகலேன்னா அவர் நின்னுக்கிட்டே இருப்பாரே” என்றாளாம்.

எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, சமையலறைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். நெறிபடும் சரளைக்கல். தொப்... தொப். குழாய் அவளிடமிருந்து மூன்றடி தூரத்தில் தானாகத் திறந்தது. தண்ணீர் எதன் மேலோ பட்டுத் தெறித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சப்... சப்... கூடத்தில் போய் நின்றது.

“ஆர்டித் டகோமாவுல இருக்காங்க.” இன்னொரு முறை சத்தமாகச் சொன்னாள். தெருப் பெயர் சொன்னாள், மூன்றாவது மாடி என்றாள், அறை எண் சொன்னாள். “நல்லா இருக்காங்க. உங்கள விட்டுட்டுப் போகணும்னு போகல. அவங்களைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.”

காலடிகள் மெல்லத் திரும்பின. அவளைக் கடந்து போனபோது குளிர் காற்று முகத்தில் அடித்தது. பின்வாசலில் பூட்ஸ் மாட்டும் சத்தம். பெரிய உடம்புக்காரர் குனியும்போது விடுகிற மூச்சு. கதவு சாத்திக்கொண்டது.

அப்பாடா என்று நோரீன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து விளக்கையெல்லாம் அணைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு வேனில் ஏறி வண்டியைக் கிளப்பினாள்.

டிங்... டிங்... டிங்...

பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடவில்லை என்றால் வண்டி எழுப்புமே, அந்தச் சத்தம்.

முகவரி சொன்னவளுக்கு, அவர் எப்படிப் போவார் என்று மட்டும் யோசிக்கத் தோன்றவில்லை.

திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டி, பெல்ட்டை இழுத்து, வெறும் இருக்கையின் குறுக்கே மாட்டினாள். இழுக்கும்போது அது ஒரு பெரிய உடம்பைச் சுற்றித்தான் வந்ததாம். முழங்கை ஈரமாயிற்று. டிங் நின்றது.

படகு பதினைந்து நிமிஷம் ஓடும். நடுக்கடலில் அந்தப் பக்கக் கண்ணாடி உள்ளிருந்து பனி படர்ந்து மூடிக்கொண்டது. அவர் விழுந்த இடம் அதுவாக இருக்குமோ... தெரியாது. “இதோ வந்துடுச்சு, கரை வந்துடுச்சு” என்று நோரீன் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

முதியோர் இல்லத்து வாசலில் நிறுத்தி, சுற்றி வந்து, கதவைத் திறந்து, பெல்ட்டை விடுவித்தாள். கண்ணாடிக் கதவு தானாக விலகியது... மூடிக்கொண்டது. அப்போது மணி ஆறு ஐந்து.

மறுநாள் காலை கர்ட்டிஸ் போன் பண்ணினான். அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார் என்றான்.

நோரீன் இல்லத்துக்கு ஓடினாள். வரவேற்பு மேசையில் இருந்த பெண் வெளிறிப்போயிருந்தாள்.

“மேடம், ராத்திரி நான்தான் இங்க இருந்தேன். ஆறேகாலுக்கு அவங்க கோட்டு போட்டுக்கிட்டு என் முன்னாடிதான் நடந்து போனாங்க. ஊன்றுகோல்கூட இல்ல. எங்க கிளம்பிட்டீங்கன்னு கேட்டேன். ‘வீட்டுக்கு’ன்னு சிரிச்சாங்க. சரி, சொந்தக்காரங்க யாரோ வந்திருக்காங்கன்னு நினைச்சேன். மாடியில போய்ப் பார்த்தா... கட்டில்ல கிடக்காங்க. டாக்டர், உயிர் மத்தியானமே போயிருச்சுங்கறார்.”

சனிக்கிழமை பத்துக் குடும்பம் வீட்டைப் பார்த்தது. மூன்று வயதுக் குழந்தையோடு வந்த ஓர் இளம் தம்பதிக்குப் பிடித்துவிட்டது. வெளிச்சமான வீடு, பாரமே இல்லாத வீடு என்றார்கள். நோரீன் பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

சாமான்களை எடுக்க நல்ல வெயில் நேரமாகப் பார்த்து, நண்பகலில் போனாள். விரிப்பு காய்ந்து சுத்தமாக இருந்தது. சோபா, விளக்கு, மேசை எல்லாம் வேனில் ஏற்றினாள். கடைசியாகப் படுக்கையறை.

அவள் இழுத்து விரித்து வைத்திருந்த கட்டில். போர்வை இரண்டு பக்கமும் மடித்து விலக்கப்பட்டிருந்தது. இரண்டு தலையணையிலும் குழி. ஒன்று நனைந்திருந்தது.

நோரீன் உறையை மாற்றினாள். போர்வையைச் சரிசெய்தாள். கட்டிலை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

வீட்டை வாங்கிய பெண் போன் பண்ணினாள்.

“உங்க கட்டில மறந்துட்டீங்களே?”

“மறக்கல. அது உங்களுக்குத்தான். அதை மட்டும் எடுத்துடாதீங்க.”

“ஏங்க?”

சொல்லிவிடலாமா என்று நோரீன் நினைத்தாள். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

“நல்ல கட்டில்ங்க” என்றாள்.

இதெல்லாம் போன வருஷம். இந்த வருஷம்... இதோ, போன வியாழக்கிழமை, லோவெல் விறகு போட அந்தத் தீவுக்குப் போயிருக்கிறான். திரும்பும் வழியில் அந்தக் கோடி வீட்டுப் பக்கம் போனபோது வண்டி வெளிச்சம் சாலையின் கடைசியில் விழுந்திருக்கிறது.

மழையில் நனைந்துகொண்டு ஓரமாக ஒரு கட்டில். இரண்டு தலையணை. மேலே, ‘இலவசம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம்’ என்று எழுதிய அட்டை.

மரங்களுக்கு அந்தப் பக்கம் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குழந்தை சிரிக்கிற சத்தம் கேட்டது.

லோவெல் மணி பார்த்தான்.

நாலு இருபது.