பேன்ட்ரிக்கு ஓர் அறை

சர்க்கரை டப்பாவை எடுக்கப் போனால் மாவுப் பொட்டலம் தலையில் விழும் சமையலறையில் நீங்கள் ஒரு நாளாவது வேலை செய்து பார்த்திருக்க வேண்டும் ஸார். கல்யாணமான நாளிலிருந்து நான் அதில்தான் குனிந்து நிமிர்ந்தேன்.

இப்போது எல்லா வீட்டிலும் பேன்ட்ரி. சாமான் அறை என்றால் யாரும் மதிப்பதில்லை. பேன்ட்ரி என்றால் குரலைத் தாழ்த்திக்கொண்டு எட்டிப் பார்க்கிறார்கள். என் ஓரகத்தி, வருகிறவர்களை உட்காரச் சொல்வதற்கு முன்பே அங்கே அழைத்துப் போய்விடுவாள். பெயர் ஒட்டிய கண்ணாடி ஜாடிகள், கதவைத் திறந்தால் தானாக எரியும் விளக்கு. "உங்க வீட்ல இதுக்கெல்லாம் ஏது இடம், பாவம்" என்றாள். அந்தப் 'பாவம்' எனக்குச் செரிக்கவில்லை.

சமையலறை வடிவமைப்பாளரை வரவழைத்தேன். "கிச்சனுக்கு மூச்சு முட்டுது மேடம்" என்றார், நாடி பிடித்துப் பார்த்தவர் மாதிரி. சுவரைத் தட்டினார்.

"இதுக்கு அந்தப் பக்கம் என்ன?"

"மாமா ரூம்."

"அவர வேற எங்கயாவது மாத்திடலாமே?"

அலமாரியைப் பற்றிப் பேசுகிற அதே குரல். வேறு அறை எங்களிடம் இல்லை. கணவரிடம் கேட்டேன். "அப்பா நல்லா நடமாடிட்டு இருக்கார். அவரை எங்கடி அனுப்பறது?" என்றார். ஆக, அவர் நன்றாக இருப்பதுதான் தடை.

மாமனார் கடிகாரம் பழுது பார்த்தவர். தன் காபியைத் தானே போட்டுக்கொள்வார். ஆகவே அங்கிருந்து தொடங்கினேன். சர்க்கரை டப்பாவில் உப்பை நிரப்பினேன். அவர் முகம் சுளித்தபோது, "நேத்து நீங்கதானே மாமா மாத்திக் கொட்டினீங்க" என்றேன். சிரித்தார். பிறகு அவர் மூக்குக்கண்ணாடி ஃப்ரிட்ஜில் கிடைத்தது. இப்போது சிரிக்கவில்லை. கடைசியாக, அவர் காபி போட்டுக்கொண்டு போனதும் கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுக் கணவரைக் கூப்பிட்டேன். ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுத்தான் செய்தேன். நான் பொறுப்பில்லாதவள் அல்ல.

கணவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் வேலை செய்தது. மாமனார் தன் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான்தான் மறந்திருப்பேன்மா. உங்களுக்கெல்லாம் ஏதாவது ஆயிருந்தா?" என்றார். முதியோர் இல்லத்துக்குத் தானே பெட்டி கட்டினார். நான் வற்புறுத்தவில்லை.

பேன்ட்ரி அழகாக வந்திருக்கிறது. ஓரகத்தி வந்து பார்த்துவிட்டு, "வெயில் பட்டா சாமான் கெட்டுடுமே" என்றாள். மாமா உட்கார்ந்து தெருவைப் பார்க்கும் ஜன்னல் அது. செங்கல் வைத்து அடைத்துவிட்டோம்.

போன வாரம் இல்லத்துக்குப் போனேன். என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாரும்மா? நான் எதையாவது திறந்து போட்டுட்டேனா?" என்றார். மறதி வேகமாக முற்றுகிறது என்றார் டாக்டர்.

பாருங்கள் ஸார், நான் பொய் சொல்லவில்லை. கொஞ்சம் முன்கூட்டியே சொன்னேன், அவ்வளவுதான்.