கதவை உடைக்கச் சொன்னவன்

மைமல் நேரம், பொழுது பட்டுக்கொண்டிருந்தது. மண்கும்பானிலிருந்து வேலணைக்குப் போகிற வீதி... ஒரு பக்கம் வெள்ளை மணல். மறுபக்கம் கூரையில்லாத வீடுகள். சண்டை ஓய்ந்து பாதை திறந்த காலந்தான். ஆனாலும் பொழுது பட்டால் அங்கே ஒரு குருவியும் இராது.

பாலர் பள்ளி ரீச்சர் ஜெனீற்றா தனியே சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். புளியங்கூடலில் வீடு. தாய் தகப்பன் இல்லை. தம்பி கிறிஸ்ரி மட்டுந்தான். தூரத்துக் கம்பஸ் ஒன்றில், ஹொஸ்ரல் அறையில் தங்கிப் படித்தான். கொஞ்ச நாளாக அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. சோதினை நெருக்குது போல என்று நினைத்திருந்தாள்.

பனைகளின் கீழே ஒரு பெடியன் கை காட்டினான். பிறேக் பிடித்தாள். கடற்காற்றில் ஓலைகள் சரசரவென்று அடித்தன... அவன் சேட்டு மட்டும் அசையவில்லை. அவ்வளவு காற்றிலும் நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையின் புழுங்கல் மணம்.

"அக்கா... கிறிஸ்ரியின்ரை அறைக் கதவை உடைக்கச் சொல்லுங்கோ. இப்பவே."

"நீர் ஆர் தம்பி?"

"அந்த அறையிலை முந்தி இருந்தனான். என்னை ஒருத்தரும் தேடேல்லை."

சைக்கிள் சரிந்தது. நிமிர்த்திக்கொண்டு பார்த்தாள்... ஆளில்லை.

மூச்சு வாங்க மிதித்து, வேலணை ரெலிபோன் கடைக்குள் விழுந்தடித்து ஓடினாள். ஹொஸ்ரல் பொறுப்பாளர்தான் எடுத்தார்.

"கிறிஸ்ரி லெக்சருக்கு வாறேல்லை எண்டு தெரியும். வளர்ந்த பிள்ளையள், நாங்கள் என்ன செய்யிறது? காலமை பாப்பம்."

"ஐயா, கும்பிட்டுக் கேக்கிறன். கதவை உடையுங்கோ!"

"சும்மா உடைக்க ஏலாது பிள்ளை. மேலிடத்திலை கேக்க வேணும்."

அவர் போனை வைக்கப் போகிறார் என்று தெரிந்தது. அழுகை பலிக்கவில்லை, கெஞ்சல் பலிக்கவில்லை. ஜெனீற்றா கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள்.

"அவன் அறைக்குள்ளை குண்டு வைச்சிருக்கிறான்!"

கடைக்காரர் அரியநாயகம் விறைத்துப்போய் நின்றார்.

அதற்குப் பிறகு ஒருவரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பொலிஸ் வந்தது, கதவு உடைந்தது. குண்டு ஏது? நிலத்தில் கிறிஸ்ரி காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தான். மூச்சு மட்டும் நூலாய் ஓடிக்கொண்டிருந்தது.

பிழைத்துக்கொண்டான். அக்காவையும் தம்பியையும் விசாரணை என்று அலைக்கழித்துத்தான் விட்டார்கள். வீதியில் நின்ற பெடியனைப் பற்றி அக்கா சொன்னபோது, அவன் யாரென்று கிறிஸ்ரிக்குத் தெரியவில்லை. பக்கத்து அறை மாணவன்தான் இரகசியமாகச் சொன்னான்: முந்தின வருஷம் அதே அறையில் ஒருவன் செத்துக் கிடந்தானாம். மணம் வந்த பிறகுதான் திறந்தார்களாம். வெளியே கதைக்கக் கூடாதென்று உத்தரவு. வெள்ளையடித்து அறையைக் கிறிஸ்ரிக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

தம்பியின் சாமான்களை எடுக்க ஜெனீற்றா போனாள். அறையில் அதற்குள் ஒரு புதுப் பெடியன்.

"தம்பி, இதுக்குள்ளை தனிய இருக்காதையும்."

அவன் சிரித்தான்.

"தனிய இல்லை அக்கா. என்னோடை இருக்கிற அண்ணை இப்பத்தான் வெளியிலை போனவர். நீங்கள் வருவியள் எண்டும் சொன்னவர்."

அறையில் ஒரு கட்டில்தான் இருந்தது.