ஆறரை நிமிஷத்துக்கு அப்புறம்

தயாவதி: நிறுத்து, நிறுத்து! இன்னொரு தடவை போடு சங்கரி.

சங்கரி: இதோட மூணு தடவைப்பா. பட்டுப்புழு இலை தின்னுது, கூடு கட்டுது... இருட்டாயிடுது. அவ்ளோதான்.

தயாவதி: அவ்ளோதான் இல்லையே! கூட்டுக்கு அப்புறம் ஒரு பாகம் இருந்தது. பெரிய அண்டா, கொதிக்கிற தண்ணி... கூட்டை உள்ள போட்டு நூல் எடுக்கிற இடம்.

சங்கரி: நீ வேற ஏதாவது வீடியோல பார்த்திருப்பே. கிளாஸ்ல காட்டறதுக்கு எட்டாவது அறிவியலுக்கு மட்டும் அறுபது வீடியோ சேர்த்திருக்கோம். எரிமலையும் குடலும் எனக்குக் கனவுலயே வருது.

தயாவதி: எரிமலையைத்தான் தள்ளிட்டோமே. பின்னாடி சீரியல் மியூசிக் போட்டிருந்தான்னு.

சங்கரி: குடல் மட்டும் என்ன ஒழுங்கா? வாய்லேருந்து வயித்துக்குப் போறதுக்குள்ள நாலு தடவை 'சப்ஸ்கிரைப் பண்ணுங்க'.

பரசுராமன்: டீச்சர்... ஹார்டு டிஸ்க் ரெடியா? நாலு மணிக்குள்ள வட்டார ஆபீஸ்ல கொண்டு போயி வெக்கணும். அங்கேருந்துதான் பதினாறு ஸ்கூலுக்கு காப்பி போடுவாங்க.

தயாவதி: பரசு அண்ணா, நல்ல நேரத்துல வந்தீங்க. இந்தப் பட்டுப்புழு வீடியோ, நாப்பத்தாறாம் நம்பரைப் பாருங்க. எவ்ளோ நேரம் ஓடுது?

பரசுராமன்: ஆறரை நிமிஷம். நோட்டுல ஒம்பதுன்னு எழுதியிருக்குது. அதான் காலையில எச்.எம். சார்கிட்டயும் சொன்னேன்.

சங்கரி: அவர்கிட்ட எதுக்குண்ணா சொன்னீங்க?

பரசுராமன்: சரியா இருக்குதான்னு கேட்டாரு. கேட்டா சொல்ல வேணாமா? அதுக்கு அவரு... வேணாம் வுடுங்க.

தயாவதி: அண்ணா.

பரசுராமன்: நான் சொன்னேன்னு வெளிய வரக்கூடாது. தயா டீச்சர்தான் வெட்டியிருக்கும்ங்கறாரு. 'அவங்க ஜைனங்க, உயிர் போறதைக் காட்ட மனசு வந்திருக்காது. வீட்டு வழக்கத்தைப் பாடத்துக்குள்ள கொண்டாந்தா எப்படி? நாளையிலேருந்து இந்த வேலையை வேற யார்கிட்டயாவது கொடுத்துடலாம்'ங்கறாரு.

தயாவதி: நானா? நானா வெட்டினேன்?

பரசுராமன்: நான் சொல்லலைம்மா! நான் இந்த ஹார்டு டிஸ்க் மாதிரி. எதைப் போட்டாலும் உள்ளயே வெச்சுக்குவேன்.

சங்கரி: ஹார்டு டிஸ்க் இல்லண்ணா, நீங்க ஸ்பீக்கர்.

பரசுராமன்: நல்லதுக்குக் காலமில்லை. டீ குடிச்சிட்டு பத்து நிமிஷத்துல வரேன். ஒட்டறதா இருந்தா அதுக்குள்ள ஒட்டி வைங்க.

தயாவதி: ஒன்றரை வருஷம் சங்கரி. லீவு நாள்லகூட இங்க உட்கார்ந்து, கல்லு பொறுக்கறாப்போல பொறுக்கி வெச்சோம். அதை என்கிட்டேருந்து பிடுங்கிடுவாங்களா?

சங்கரி: அழாதப்பா... நீ பட்டே கட்ட மாட்டியா, அதை வெச்சு ஏதோ நினைச்சுட்டாரு.

தயாவதி: நான் கட்டலை. அது என் இஷ்டம். பாடத்துல இருக்கறதை மறைக்க நான் யாரு? பதினோரு வருஷமா போர்டுல அண்டா வரைஞ்சுதான் நடத்தறேன். ஆவி வர்றதுக்கு மூணு கோடு வேற போடுவேன்.

சங்கரி: தெரியும்.

தயாவதி: யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். நோட்டை எடு. ஒருத்தர் தேர்ந்தெடுக்கணும், இன்னொருத்தர் கடைசி வரைக்கும் பார்த்துட்டு கையெழுத்து போடணும்... நாப்பத்தாறு. தேர்ந்தெடுத்தது நான். பார்த்தது...

சங்கரி: நான்தான். செவ்வாய்க்கிழமை.

தயாவதி: அப்போ அண்டா வந்ததா?

சங்கரி: ஞாபகம் இல்லைப்பா.

தயாவதி: வீட்டுல தறி ஓடுது, இது ஞாபகம் இல்லையா?

சங்கரி: தறிக்கும் புழுவுக்கும் என்ன சம்பந்தம்? எங்களுக்கு வர்றது நூலு. பிள்ளையார்பாளையம் பூரா தறி இருக்குது, புழுவைக் கண்ணால பார்த்தவங்க எத்தனை பேரு? அது கெடக்கட்டும்... 'யார் சொன்னது'ங்கற கட்டம் இதுக்கு மட்டும் ஏன் காலியா இருக்குது? மத்ததுக்கெல்லாம் எழுதியிருக்கியே. ஜினேஷ் ஒன்பதாவது, சுகாசினி டீச்சர்...

தயாவதி: அது... ஒருத்தர் கொடுத்தாங்க. பேர் போட வேணாம்னாங்க.

சங்கரி: அப்படி யாருப்பா அது?

தயாவதி: பேச்சை மாத்தாதே. இங்க பாரு, ஃபைலை மாத்தின நேரம் காட்டுது. செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் அஞ்சு பத்து. அந்நேரம் ரூம் சாவி யார்கிட்ட இருந்தது?

சங்கரி: அன்னிக்கு நீயும்தானே இருந்தே?

தயாவதி: நான் அஞ்சு மணி பஸ்ஸுக்கு ஓடிட்டேன். சங்கரி... சாவி யார்கிட்ட?

சங்கரி: நான்தான் வெட்டினேன்.

தயாவதி: நீயா! பட்டு நெய்யற வீட்டுல இருந்துக்கினு...

சங்கரி: அதனாலதான்ப்பா. என் பொண்ணு மஹாலட்சுமி உன் கிளாஸ்லதானே இருக்கறா. அவ ஒண்ணாவது படிக்கும்போது, அவங்கப்பா தறியில உட்கார்ந்துக்கினு இருக்கறாரு, 'இந்த நூலு யாரும்மா குடுத்தது'ன்னு கேட்டா. எறும்பை மிதிச்சாலே ஒரு நாள் முழுக்க அழற புள்ள. நான் என்ன சொல்லுவேன்? 'பூச்சி கூடு கட்டும், றெக்கை முளைச்சதும் பறந்து போயிடும், காலி வீட்டை நமக்கு வெச்சுட்டுப் போவும்'னு சொல்லிட்டேன்.

தயாவதி: ஐயோ...

சங்கரி: அன்னைலேருந்து நெய்து முடிச்ச புடவையைத் தறியிலேருந்து அறுத்து எடுக்கும்போதெல்லாம் ஜன்னல்கிட்ட ஓடிப்போயி, பறந்து போன பூச்சிக்கு டாட்டா காட்டுவா. பதிமூணு வயசாவுது, போன வாரம்கூட காட்டினா. அவளைப் போயி அந்த அண்டாவை எப்படிப்பா பார்க்க வெப்பேன்?

தயாவதி: அடுத்த மாசம் நானே இந்தப் பாடத்தை நடத்தப் போறேனே?

சங்கரி: அன்னிக்கு அவளுக்கு லீவு போட்டுடலாம்னு இருந்தேன்.

தயாவதி: நல்லா இருக்குது டீச்சர் வேலை!

சங்கரி: சிரிக்காதே. என்னாலே உன் பேரு கெடும்னு நினைக்கவே இல்லை தயா. எச்.எம்.கிட்ட நானே போயி சொல்றேன். முழு வீடியோ உன்கிட்ட இருக்குதா?

தயாவதி: என் போன்ல இருக்குது.

சங்கரி: பரசு அண்ணன் வர்றதுக்குள்ள அதைப் போட்டுடு. வீட்டுக்குப் போனதும் அவகிட்டயும் சொல்லிடறேன்... ஏழு வருஷத்துப் பொய்யை எங்கேருந்து ஆரம்பிக்கறது? 'அம்மா சொன்னது பொய்'னு தெரிஞ்சா என் முகத்தைப் பார்ப்பாளா? ஏய், இப்போ எதுக்குச் சிரிக்கிறே?

தயாவதி: அந்தக் காலி கட்டத்துல எழுத வேண்டிய பேரு மஹாலட்சுமி. அவதான் இதைத் தேடிக் கொண்டாந்து என்கிட்ட கொடுத்தா. 'மிஸ், பூச்சி பறந்து போயிடும்னு எங்கம்மா இன்னும் நம்பிக்கினு இருக்குது. நான் சொன்னா அழும். இதை லிஸ்ட்ல சேர்த்துடுங்க, அம்மாதானே செக் பண்ணும், பாடத்தோட பாடமா பார்த்துக்கட்டும். அதுவரைக்கும் நான் டாட்டா காட்டிக்கினே இருக்கேன்'னா.