பலகையின் ஆறாவது வரி

மாலை போட்ட அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கரும்பலகையின் மூலையில் அவருடைய எண்ணெய் விரல்தடம் இருக்கிறது. உள்ளே வந்ததும் அதைத்தான் பார்த்தேன். மேடையில் இருக்கும் டாக்டர் ஐயா, நர்ஸம்மா, அக்காவின் தம்பி, எதிரே இருக்கும் எல்லாருக்கும் வணக்கம். இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு மேடை பழக்கமில்லை.

அது எங்கள் சமையலறைப் பலகை. பத்துக் கட்டிலுக்குப் பத்து வரி. நம் இல்லத்துக்கு வருகிறவர்கள் பிழைத்துத் திரும்பிப் போகிறவர்கள் இல்லை. ஆனாலும் தினமும் காலையில் ஒவ்வொருவரிடமும் போய், "இன்னைக்கு என்ன வேணும்?" என்று கேட்க வேண்டும். கேட்டதைப் பலகையில் எழுத வேண்டும். விழுங்க முடியாதவரிடமும் கேட்க வேண்டும். மூச்சு இருக்கும்வரை பெயரை அழிக்கக் கூடாது. இது சமையல்கார அக்கா வைத்த சட்டம்.

படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் காய் நறுக்க வந்தவள் நான். கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று பலகை எழுதும் வேலையையும் கொடுத்தார். வாயைத் திறக்க மாட்டேன் என்பதால் 'பூச்சி' என்று பெயரும் வைத்தார்.

கடிகாரம் பழுது பார்க்கும் தாத்தா ஒருவர் இருந்தாரே, நினைவிருக்கிறதா? கருகின ரொட்டி வாசனை வேண்டும் என்றார். அவர் மனைவி தினமும் கருக்கிவிடுவாராம். அக்கா அடுப்பைக் கட்டிலருகே கொண்டுபோய் ரொட்டியைக் கருக்கினார். வார்டெல்லாம் புகை.

"யாரு இங்க தீ வச்சது?" என்று நர்ஸம்மா ஓடி வந்தார்.

"மருந்து காய்ச்சுறேம்மா. உங்க மருந்தைவிட நாத்தம் கம்மிதான்."

தாத்தா சிரித்தார். நான்கு நாளாக முகத்தில் சிரிப்பே இல்லாதவர்.

பிறகு அக்காவே நோயாளியாக ஆறாம் கட்டிலுக்கு வந்தார். ஆரஞ்சுத் தோல் கேட்பார், முகர்ந்து பார்க்க. ஒருநாள் ஐஸ் துண்டு. தினமும் போய்க் கேட்டேன். தினமும் அக்கா இளைத்துக்கொண்டே இருந்தார்.

இனி வாய்வழியாக எதுவும் வேண்டாமென்று டாக்டர் ஐயா சொன்ன காலையில், ஆறாவது வரியை அழித்துவிட்டேன். சட்டம் எனக்குத் தெரியாதா? தெரியும். பெயர் இருந்தால் போய்க் கேட்க வேண்டும். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பயம்.

அன்று பார்த்து, சமையலறையை ஒரு தடவை பார்க்க வேண்டுமென்று அக்கா சக்கர நாற்காலியில் வந்தார். பலகையைப் பார்த்தார்.

"என்னடி பூச்சி, முன்னாடியே அனுப்பி வச்சிட்டியா?"

"தண்ணி பட்டு அழிஞ்சிடுச்சுக்கா."

மற்ற ஒன்பது வரியும் அப்படியே இருந்தன.

"சரி. இப்ப கேளு."

நான் கேட்கவில்லை. "பால் பொங்குதுக்கா" என்று திரும்பிக்கொண்டேன். அடுப்பில் பாலே இல்லை. என் முதுகைப் பார்த்துவிட்டு அக்கா போய்விட்டார். மறுநாள் காலை அவர் இல்லை.

எத்தனை பேரிடம் கேட்டவர்! அவரிடம் மட்டும் கடைசியாக யாரும் கேட்கவில்லை. என்ன கேட்டிருப்பார்? ஆரஞ்சுத் தோலா? ஐஸ் துண்டா? எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது.

"பெத்த பொண்ணு மாதிரி பார்த்துக்கிட்டா" என்று டாக்டர் ஐயா சற்று முன் இந்த மேடையில் என்னைச் சொன்னார். நீங்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தீர்கள். தலை நிமிர முடியவில்லை. அதனால்தான் எழுந்து வந்தேன். அக்காவின் தம்பி என்னை மன்னிக்க வேண்டியதில்லை. தெரிந்திருந்தால் போதும்.

அக்காவின் வேலையை விடமாட்டோம் என்று எல்லாரும் சொன்னீர்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஆறாம் கட்டிலில் இப்போது ஒரு லாரி டிரைவர் இருக்கிறார். மூன்று நாளாக எதுவும் விழுங்கவில்லை. இன்று காலை அவரிடம் போய்க் கேட்டேன். பதில் வர நெடுநேரமானது. நின்றேன். பலகை இங்கே வந்துவிட்டதால், சமையலறைச் சுவரில் சாக்பீஸால் அவர் பெயரை எழுதி, பக்கத்தில் 'எலுமிச்சை, முகர' என்று எழுதிவிட்டு வந்தேன்.