கல்யாணப் பத்திரிகையில் வெட்டிய சக்கர அளவு

ஐயா, கும்மிடிப்பூண்டியிலிருந்து புறப்பட்ட மின்சார ரயிலில், மடியில் கார்ச் சக்கரமும் கையில் ஒரு கல்யாணப் பத்திரிகையுமாக அமர்ந்திருந்த கார் ஓட்டுநரிடம் எதிர் இருக்கை மெக்கானிக் வினவியதாவது:

“இன்னாண்ணே, கல்யாணப் பத்திரிகையில அஞ்சு ஓட்டை போட்டுக்கினு கீற?”

“மொதலாளியோட பழைய பாரின் கார்ல வீலு மாட்டுற போல்ட்டுக்கு அளவுப்பா, அவரு பொண்ணு கல்யாணத்துக்கு அந்தக் கார்தான் ஓடணும். வீலு ஒண்ணு ஒடைஞ்சுபோச்சு, புதுசு எங்கயும் கெடைக்கல. இது பழைய இரும்புக் கடையில கெடைச்சுது. போல்ட்டு அஞ்சும் சேருது.”

“பத்திரிகை தட்டையாச்சே! பிரேக்கு துருத்திக்கினு இருக்குமே, அது வீல்ல இடிச்சா?”

ஓட்டுநர் சக்கரத்தைத் திருப்பி அதன் உட்குழிவைப் பார்த்தார்.

“பேசாம வேற கார்ல பொண்ணக் கூட்டினு போண்ணே.”

“பாப்பா பொறந்தப்போ ஆஸ்பத்திரியிலேர்ந்து இந்தக் கார்லதான் ஊட்டுக்குக் கூட்டினு வந்தேன். வெள்ளிக்கிழமை மாப்பிள்ள ஊட்டுக்கும் நான்தான் இதுல கொண்டுபோய் உடணும்.”

மெக்கானிக் சக்கரத்தைத் தம் மடிக்கு மாற்றிக்கொண்டார்.

“எங்க எறங்கணும்? நானும் வரேன், மாட்டிப் பாத்துடலாம்.”

பக்கத்து இருக்கையிலிருந்து நான் கேட்டெழுதிய இக்குறிப்பைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.